லயத்து வீட்டின் மூதாட்டி

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் ஆலய மேடையில் பேசப்படுவது பெரும்பாலும் அம்பாளின் அருட்திறமாகவே இருக்கும். அதுவே முறையும் ஆகும். எனினும், அம்பாளின் சந்நிதிக்கு முதன்முதலில் கைப்பிடித்து அழைத்து வந்தவர் யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தால், பெரும்பாலோர் நினைவில் எழுவது ஒரு மூதாட்டியின் உருவமே. நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சுருக்குப் பை, வெற்றிலைக் காவியேறிய வாய், பால் கறை போகாத கைகள். இவ்வுரை அம்மூதாட்டியைப் பற்றியது. அவருக்கு இங்குப் பெயர் சொல்லப்படவில்லை. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, அதற்கப்பால் உலு சிலாங்கூரின் தோட்டங்கள் என்று எந்த லயத்தின் கதவைத் தட்டினாலும் அவர் இருந்தார். அப்பாயி என்றனர் சிலர். அம்மாயி என்றனர் சிலர். ஆயா என்றும் பாட்டி என்றும் அழைத்தவர் பலர்.

அவர் எவ்வாறு இம்மண்ணுக்கு வந்தார் என்பதை முதலில் கூறுதல் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டு வாக்கில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல், தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்கும் குடியேற்ற நிதி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. கங்காணி ஊருக்குப் போய், தன் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தார். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து நாகப்பட்டினத்து முகாமுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறினர். அக்கப்பல்களுள் 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜுலா’வின் பெயர் இன்றும் முதியோர் நாவில் உண்டு. பினாங்கில் இறங்கியோர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர் ரயிலும் லாரியும் ஏறித் தோட்டம் வந்து சேர்ந்தனர். மூதாட்டிகளுள் சிலர் மணப்பெண்ணாய் வந்தவர். சிலர் தாயின் இடுப்பில் குழந்தையாய் வந்தவர். பிந்திய தலைமுறையினர் லயத்திலேயே பிறந்தவர். கங்காணி வழியாகத் தொழிலாளர் வருவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. அன்று இங்கிருந்தவர்களே இங்குள்ள குடும்பங்களின் வேராயினர்.

இப்பகுதியின் தோட்ட வரலாற்றில் ஒரு பெயர் எப்போதும் சுவை தருவது. 1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் பயிரிடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே. பயிரிட்டவர் ஆங்ரி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசும் பெற்றார். அத்தோட்டத்தின் பெயரோ ‘தென்னமரம்’. செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தமிழில் தென்னையின் பெயர்! இன்று அந்நாட்டின் பெருந்தொழிலாக விளங்கும் செம்பனையின் வரலாற்றை எழுதுவோர் துரையின் பெயரைத் தவறாமல் எழுதுகின்றனர். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்டிர் யாவர் என்பதை எந்த நூலும் சொல்வதில்லை. இக்குறை இவ்வுரையில் மீண்டும் மீண்டும் வரும்.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போயிற்று? விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். அடுப்பை மூட்டி, பழையதையோ சோற்றையோ சட்டியில் கட்டி, உறங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டு, இருள் விலகுமுன் பெரட்டுக் களத்தில் நிற்பார். கிராணியார் பெயர் கூப்பிடும்போது இல்லையெனில் அன்றைய கூலி இல்லை. பிறகு நிரை நிரையாய் நானூறு ஐந்நூறு கித்தா மரங்கள். விளக்கொளியில் பட்டையைச் சீவ வேண்டும். ஆழமாய் வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் இறங்காது. அந்த நுணுக்கம் ஏட்டில் படித்து வருவதன்று. விரல் அறிந்த வித்தை. வெட்டி முடித்து, மங்குகளில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடப்பார். மழை வந்து பால் கரைந்துபோனால் அன்றைய உழைப்பும் கரைந்துபோகும். கொசுவும் அட்டையும் பாம்பும் வழித்துணை.

1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது ஆணின் கூலியே 30 காசுக்கும் கீழே இறங்கிற்று. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பத்துக் காசுக் குறைவில் பெண்ணின் சுமை எள்ளளவும் குறையவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்டோரிலிருந்து திரும்பியதும் அவருக்கு இரண்டாவது வேலைநாள் தொடங்கும். குழாயடியில் தண்ணீர், விறகு, துணி, சமையல், மாடு, கொல்லையில் முருங்கையும் கத்தரியும், பிள்ளைகளுக்குத் தலை பார்த்தல்.

இவ்வளவு உழைத்தவர் அடங்கி ஒடுங்கி இருந்தாரா என்றால், இல்லை! அங்கேதான் அவருடைய சிறப்பு இருக்கிறது. தன் கையால் சம்பாதித்த பெண்ணுக்குக் குரல் உண்டு. சுருக்குப் பையின் கயிறு எவர் கையில் இருந்ததோ அவர் கையில்தான் குடும்பம் இருந்தது. பெண்டிர் கூடிப் போட்ட ‘கூட்டு’ச் சீட்டிலிருந்துதான் தோடு வந்தது, தையல் இயந்திரம் வந்தது, மகனுக்குச் சைக்கிள் வந்தது. கிராணியாருக்கும் மண்டோருக்கும் அவர் வைத்த பட்டப் பெயர்கள் தோட்டம் முழுதும் வழங்கும். உரியவருக்கு மட்டும் தெரியாது. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்க அமர்ந்தால், இறந்தவரின் பெருமையோடு இருப்பவரின் கருமித்தனமும் அதில் வந்துவிடும். கேட்டவர் அழுகைக்கிடையே சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவர். சம்பள நாளன்று மாலையில் கள்ளுக்கடைப் பாதையில் கைக்குழந்தையோடு நின்று, கணவரின் சட்டைப்பையில் மீந்திருப்பதையாவது மீட்டுக்கொண்டு வந்தவர்களும் அவர்களே.

கள்ளுக்கடையைப் பற்றிச் சொல்லும்போது 1941-ஆம் ஆண்டை மறத்தல் ஆகாது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் எழுந்து, சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. ஆர். எச். நாதன் முதலானோர் அதற்குத் தலைமை தாங்கினர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. துரை வரும்போது தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். தோட்ட அதிகாரிகள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பனவும் கோரிக்கைகளாயின. நாதன் அவர்கள் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்களும் போயின. கடைசியாகச் சொன்ன கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். லயத்துப் பெண்டிர் வாய் திறந்து சொல்லாமல் அது எழுத்தில் வந்திருக்க இயலாது.

அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டனர். அரிசி அருகிற்று; மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டு மூட்டையாய் இருந்தும் பயனில்லை. தோடும் மூக்குத்தியும் அரிசியாயின. தாலிப் பொன்னையும் விற்று மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டவர் உண்டு. 1942-இலும் 1943-இலும் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்கள் கொண்டுபோகப்பட்டனர். வேலை, சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி அழைத்துப் போனதும் உண்டு. லாரியை நிறுத்திப் பிடித்துப் போனதும் உண்டு. 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் தமிழர் அங்கேயே மாண்டனர். அவர்கள் இன்ன நாளில் இறந்தார்கள் என்ற செய்திகூடப் பல வீடுகளுக்கு வரவில்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. பூவையும் பொட்டையும் எடுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாது. வருவார் வருவார் என்று வாசலைப் பார்த்தபடி இருபத்தைந்து வயதிலேயே பாட்டிக்குரிய பொறுப்பை ஏற்ற பெண்கள் அவர்கள். ஒரு தலைமுறைத் தோட்டக் குடும்பங்கள் மூதாட்டியின் ஆட்சியில் வளர்ந்தமைக்கு இதுவே பெருங்காரணம் என்பது மிகையன்று.

அதே காலத்தில் வேறொரு வாசலும் திறந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 22-ஆம் நாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அங்குத் தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். வசதியான குடும்பத்தில் 1925-இல் பிறந்த ஜானகி அவர்கள், பதினெட்டாம் வயதில் தம் வைரத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்து, பர்மா வரை சென்று திரும்பினார். பின்னர் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த தலைவராய், மேலவை உறுப்பினராய், 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவராய் வாழ்ந்து 2014-இல் மறைந்தார். அப்படையில் சேர்ந்த அஞ்சலை பொன்னுசாமி அவர்கள், செந்தூலில் 102 வயது வரை வாழ்ந்து 2022-இல் காலமானார். இந்தியப் பிரதமரே இரங்கல் தெரிவித்தார். இவ்விருவர் பெயரும் ஏட்டில் ஏறிவிட்டன. அவர்களோடு வரிசையில் நின்று துப்பாக்கி பிடித்துப் பழகி, போர் முடிந்தபின் சத்தமின்றித் தோட்டத்துக்குத் திரும்பி, மறுநாள் காலை அதே பெரட்டுக் களத்தில் நின்ற பெண்கள் எத்தனை பேர்! பேரப்பிள்ளைகள் சேட்டை செய்தால் “லெப்ட் ரைட்” போடவைத்த பாட்டிகளை அக்காலத்தில் வேடிக்கையாகப் பார்த்தவர், அதன் பின்னணியைக் கேட்டு வைக்கவில்லை.

போருக்குப் பின்னும் அமைதி இல்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்து 1960 வரை நீடித்தது. காட்டோரத் தோட்டங்களின் லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகவும் தடை வந்தது. சோதனை வாயிலில் பெண்களின் சட்டிகளும் சோதிக்கப்பட்டன. ஒரு பக்கம் காட்டினரின் மிரட்டல். மறுபக்கம் படையினரின் ஐயம். இவ்விரண்டுக்கும் நடுவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. சட்டம் கட்டடத்தைத்தான் தரும். பிள்ளையை விறகுக்கும் மாட்டுக்கும் அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பியது அம்மூதாட்டியின் உறுதி. சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவரின் பேரன் பேத்தியர் இன்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருப்பது இங்கு அமர்ந்துள்ளோர் அறிந்ததே.

அவரைத் தெய்வமாக்கிப் பேசுவது எளிது. அவ்வாறு பேசினால் அவரே சிரித்துவிடுவார். மருமகளிடம் அவர் காட்டிய கண்டிப்பு சிறிதன்று. தான் பட்ட துன்பத்தையெல்லாம் அவளும் பட்டாக வேண்டும் என்று நினைத்தவர் உண்டு. பேத்தி பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்தச் சொன்னவரும் உண்டு. சம்பந்தம் பேசும்போது, கப்பலேறியபோது கடலில் விட்டிருக்க வேண்டிய சாதியைப் பத்திரமாய்ப் பெட்டியில் கொண்டுவந்திருப்பதும் தெரியவரும். ஆயினும், அதே மூதாட்டி, அம்மை போட்ட பிள்ளை எந்த வீட்டினதாயினும் வேப்பிலை எடுத்துக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தார். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்ணின் பிரசவத்துக்கும், கடைக்காரச் சீனரின் குழந்தைக்கு வயிற்று வலிக்கும் அவரைத்தான் தேடி வந்தனர். மனிதர் முரண்பாடுகளோடுதான் பெரியவராகின்றனர்.

இனி ஆலயத்தைப் பற்றி. தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் முதலில் மரத்தடியில் ஒரு கல்லாய் இருந்தன. பின் அத்தாப்புக் கூரையாகி, தகரமாகி, கோபுரமாயின. பல தோட்டங்களில் கோயில் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. ஆணுக்குப் பிடித்தது போலவே பெண்ணுக்கும் பிடித்தனர். ஆடி மாதம் கூழுக்கு மாவு இடித்ததும், கரகத்துக்குப் பூக் கட்டியதும், தீமிதிக்கு விரதம் காத்தவரின் வீட்டை மெழுகித் தந்ததும் பெண்டிர். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டி இரவெல்லாம் விழித்திருந்ததும் அவர்களே. அம்மனின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கதையாய்ச் சொன்னதும் அவர்களே. ஆனால், ஆலயச் சுவரில் பதித்த கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், உபயகாரர் என்று வரிசையாய் ஆண்களின் பெயர்கள். பெண்ணின் பெயர் அருகிக் காணப்படும். காணப்பட்டாலும் ‘குடும்பத்தினர்’ என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும். நிர்வாகங்கள் வேண்டுமென்று செய்ததாகக் குற்றம் சாட்டுவதற்கில்லை. எவரும் நினைக்கவில்லை, அவ்வளவே. நினைக்காமல் விட்டதும் ஒரு குறைதான்.

பெயர் விடுபட்டமை கல்வெட்டோடு நிற்கவில்லை. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை மனுவுக்குப் பிறப்புச் சான்றும் மொழித் தேர்வும் அலைச்சலும் வேண்டியிருந்தன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணம் போக மனமில்லாமல், “பிறகு பார்க்கலாம்” என்று இருந்துவிட்டவர் பலர். மே 1969-க்குப் பின், குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் தோட்டத்தார் கப்பலேறித் திரும்பினர். குடும்பங்கள் பிரிந்தன. தங்கியவருள் பல மூதாட்டியர் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தனர். பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் நீல அட்டை; இம்மண்ணில் அறுபது ஆண்டு பால் வெட்டியவருக்குச் சிவப்பு அட்டை. தேர்தல் நாளன்று வீட்டார் அனைவரும் வாக்களிக்கக் கிளம்புகையில், சோறு ஆக்கி வைத்து வீட்டில் காத்திருந்தவர் அவர். அறுபது வயதைக் கடந்த இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்குவதென அரசு அறிவித்தது 2018-இல். அதற்குள் கண்மூடியவர் எத்தனையோ பேர்.

கித்தா போய்ச் செம்பனை வந்தது. முதுமை எய்திய பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கினர்; நடுவயதினர் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தனர். நகம் கறுத்தது, கண் எரிந்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது. அப்பெண்களின் உடலைப் பதம் பார்த்த பாராகுவாட் நஞ்சு இந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரியில்தான். அதன் பிறகு தோட்டங்களே விற்கப்பட்டு வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. லயத்தைக் காலி செய்யுமாறு கடிதம் வந்தபோது, அதை வாசித்துக் காட்டக் கேட்டுவிட்டு, “அப்ப அம்மனை யார் பார்ப்பாங்க?” என்று முதலில் கேட்டவர்கள் பாட்டிகள். வட சிலாங்கூரின் புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த செய்தி நாடறிந்தது. அக்காத்திருப்பிலேயே முதியோர் பலரின் காலம் கழிந்தது.

அன்பர்களே, இவ்வுரையின் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அது செலவு வைப்பதன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பாட்டியின் முழுப் பெயர், அவர் தாயின் பெயர், வந்த ஊர், வந்த கப்பல், முதலில் வேலை செய்த தோட்டம், கடைசியாக இருந்த லயம், சயாமுக்குப் போனவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தொண்ணூறைத் தாண்டியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். காது மந்தம், ஆனால் நினைவு மந்தமில்லை. நேற்றுச் சாப்பிட்டது மறந்திருக்கும். 1943-இல் லாரி வந்து நின்ற இடம் மறந்திருக்காது. ஆலயத்தில் அர்ச்சனை செய்யும்போது நட்சத்திரம் கேட்கப்படுகிறது. பாட்டியின் நட்சத்திரம் தெரியாமல் ‘சுவாமி பெயருக்கே’ என்று சொல்லிவிட்டுப் போகும் பேரன்மார் பெருகி வருகின்றனர். அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

இன்று மாலை தீக்குழி மூட்டப்படும். வழக்கம்போல் மூதாட்டியருக்கென்று முன்வரிசையில் நாற்காலிகள் போடப்பட்டுள்ளன. அவர்கள் அதில் நெடுநேரம் அமர்ந்திருக்க மாட்டார்கள் என்பது தொண்டர்கள் அறிந்ததே. உடுக்கை ஒலி கேட்டதும் எழுந்து நின்று, கரகம் தூக்குபவரின் நடை சரியில்லை என்றும், பூக் கட்டியது நெருக்கமாயில்லை என்றும், தங்கள் காலத்தில் குழி இதைவிட நீளம் என்றும் சொல்லத் தொடங்குவர். அருகில் அமர்வோர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு அமர்க.